தண்ணீர்ப் பாம்பு கரையில் வாழ்கிறது

தண்ணீர்ப் பாம்புக்குத் தண்ணீர் என்பது சாப்பிடப் போகும் இடம், ஆபத்து வந்தால் பாய்ந்து தப்பிக்கும் இடம். தூங்குவது, வெயில் காய்வது, சட்டை உரிப்பது, முட்டையிடுவது, குளம் வற்றினால் ஒடுங்கிக் கிடப்பது எல்லாம் கரையில்தான். ஆகவே பாலத்தின் மேல் நின்று நடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாம்பு கண்ணில் படாது. தண்ணீர் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை ஓடும். கோரையும் சம்பும் நிற்கும் சேறு, சரிந்த கருங்கல், எலி வளை, மதகுச் சுவரின் விரிசல், பனை வேர் என்று அது இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பட்டை இருக்கும்வரை பாம்பு இருக்கும். சென்னையில் அது வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது.

ஆதனூர்ப் பக்கம் பிறந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாக வந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேர்கிறது அடையாறு. நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். ஆனால் மேலே நன்னீர், கீழே கடல் ஏறி இறங்கும் கழிமுகம் என்று இரண்டு வேறு உலகங்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பாம்புகளும் அப்படியே பிரிந்து நிற்கின்றன. மேலே, ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் பெரும்பான்மை கண்டங்கண்டை நீர்க்கோலி. மக்கள் தண்ணிப் பாம்பு என்று சொல்வது தொண்ணூறு சதவீதம் இதைத்தான். தெளிந்த குளத்திலும் பழைய கிணற்றிலும் ஆலிவ் பச்சை நிறத்தில், அடிவயிறு மஞ்சளாக, அடையாளக் கோலம் எதுவும் இல்லாத இன்னொரு நீர்க்கோலி உண்டு. சாதுவான பாம்பு, கையில் எடுத்தாலும் கடிப்பது அபூர்வம். மழை விட்ட தோட்டத்தில் தென்படும் நீர்க்காத்தான் குட்டியும் இந்தக் குடும்பம்தான். முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், தவளைதான் சாப்பாடு, ஆற்றைவிட ஈரமான புல்தரைதான் அதற்குப் பிடிக்கும். கழிமுகச் சேற்றில் நாய்முக நீர்ப்பாம்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

கண்டங்கண்டையை நன்றாகத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் சென்னையில் விஷப்பாம்பு என்று நினைத்து அடித்துக் கொல்லப்படும் பாம்புகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. சாதாரணமாக இரண்டு முதல் மூன்றரை அடி. பெண் பாம்பு ஆணைவிடப் பெரிது, ஐந்தடியைத் தாண்டுவதும் உண்டு. மஞ்சள் கலந்த பழுப்பிலோ ஆலிவ் நிறத்திலோ உடம்பு, அதில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்புக் கட்டங்கள். சில பாம்புகளில் கட்டம் மங்கி ஏறக்குறையக் காணாமலே போய்விடும், ஆகவே கட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கோடு உதட்டுக்கு இறங்கும், கண்ணுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வாய்க் கோணத்தை நோக்கிச் சாய்வாக ஓடும். இந்த இரண்டு கோடும், வட்டமான கண்பாவையும், தலைமேல் பெரிய பெரிய தகடுகளும் சேர்ந்து இருந்தால் அது நீர்க்கோலி.

குழப்பம் வருவது இரண்டு இடங்களில். மூலையில் மாட்டிக்கொண்டால் இந்தப் பாம்பு முன்னுடம்பைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, சீறும். பார்ப்பவர் நல்ல பாம்பு படமெடுக்கிறது என்று கட்டையை எடுத்துவிடுவார். நல்ல பாம்பின் படம் கழுத்து விலா எலும்புகள் விரிவதால் வருவது. அகலமாக, வட்டமாக, நிலையாக நிற்கும். நீர்க்கோலியின் கழுத்து கொஞ்சம் தட்டையாகும், அதோடு முழு உடம்பும் தட்டையாகும், நிலைத்து நிற்காமல் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து கொத்தும். இரண்டாவது குழப்பம் கண்ணாடி விரியனோடு. விரியனுக்கு முதுகில் மூன்று வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள், பருத்த உடம்பு, குட்டையான வால். முக்கோணத் தலை முழுவதும் பொடிப்பொடிச் செதில்கள். பெரிய தகடு இருக்காது. ஓடுவதைவிட அங்கேயே சுருண்டு கிடந்து உரக்கச் சீறுவதுதான் அதன் குணம்.

பாம்பைப் பார்க்காமலே கரையில் என்ன பாம்பு நடமாடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, அது கழற்றிப்போட்ட சட்டை. காலையில் கல் சந்தில் கிடக்கும் சட்டையை வெறுங்கையால் எடுக்காமல் ஒரு குச்சியால் எடுங்கள். பாம்பு பக்கத்திலேயே இருக்கலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் முதுகுச் செதில்களின் நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு தெரியும், விரலால் தடவினால் சொரசொரக்கும். உடம்பின் நடுவில் குறுக்கே எண்ணினால் 19 வரிசை. அடியில் மலத்துவாரத்தை மூடும் தகடு இரண்டாகப் பிளந்திருக்கும், அதற்குப் பின் வாலடித் தகடுகளும் இரண்டிரண்டாக இருக்கும். இது நீர்க்கோலி. மேடே இல்லாமல் வழவழவென்று இருந்து, நடு முதுகில் ஒரு வரிசை மட்டும் பெரிய அறுகோணமாகவும் வாலடித் தகடு ஒற்றையாகவும் இருந்தால் கட்டுவிரியன். அந்தக் கரைப் பக்கம் இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். மேடு மிகத் தடிப்பாக இருந்து, தலையில் பொடிச் செதிலும், மலத்துவாரத் தகடு பிளவுபடாமலும் இருந்தால் கண்ணாடி விரியன். சட்டை உள்வெளியாகப் புரண்டு, இழுபட்டுக் கழலும், ஆகவே பாம்பைவிட நீளமாகவே இருக்கும். ஆறடிச் சட்டையைப் பார்த்து ஆறடிப் பாம்பு என்று தெருவே பதற வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் இது மீனும் தவளையும்தான், எப்போதாவது சுண்டெலி. குட்டிகள் தலைப்பிரட்டையும் சின்ன மீன்களும் தின்று வளரும். விஷம் வைத்துக் கொல்வதோ சுற்றி நெரிப்பதோ இல்லை, உயிரோடே விழுங்கிவிடும். தவளை பிடிபட்டால் பிடித்த பக்கத்திலிருந்தே, பெரும்பாலும் பின்னங்காலிலிருந்து, விழுங்கத் தொடங்கும். ஏரிக்கரையில் நீண்டு இழுபடும் அந்தத் தவளைக் கத்தல் இப்படித்தான் வருகிறது. மீனை அப்படி விழுங்க முடியாது. குறுக்கே கவ்விய மீனைக் கரைக்கு இழுத்து வந்து, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி, தலையைத் தன் பக்கம் திருப்பி, தலைமுதலாகத்தான் விழுங்கும். காரணம் முள். தலைப் பக்கமாக உள்ளே போனால் ஜிலேபி மீனின் முதுகு முட்கள் படுத்துக்கொள்ளும். வால் பக்கமாகப் போனால் விரிந்து நிற்கும். கெளுத்தியின் பக்கவாட்டு முள் இன்னும் மோசம், அது பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கக்கூடியது, விழுங்கிய பாம்பின் உடம்பைக் குத்திக் கிழித்து வெளியே வருவதும் உண்டு. மீனை வாயில் வைத்துக்கொண்டு கரையேறும் பாம்பை விரட்டினால் அது மீனைக் கக்கிவிட்டு ஓடும். அத்தனை உழைப்பும் வீண். ஐந்தடி தள்ளி நின்றால் பத்து இருபது நிமிடத்தில் அது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

சாக்கடை கலந்த தண்ணீரில் இது எப்படி வாழ்கிறது என்று பலர் கேட்பார்கள். பாம்புக்கு நுரையீரல், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அதற்குத் தேவையில்லை. மீனுக்குத் தேவை. கழிவு சேர்ந்து ஆக்சிஜன் இறங்கும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அதிகாலையில் இது மிகுதி. பாம்புக்கு அந்த நேரம் விருந்து. ஆனால் அந்த விருந்து நீடிக்காது. மீனும் தவளையும் அடியோடு அற்றுப்போன கறுத்த நீரில் பாம்பும் இல்லாமல் போகும். கூவத்தின் நகர நடுப்பகுதியில் நீர்க்கோலியைத் தேடி அலைவதைவிட, அதே ஆற்றின் மேல்பகுதி ஏரிக்கால்வாய்களில் ஒரு மாலை நடந்தால் போதும்.

கடிக்கு வருவோம். நீர்க்கோலிக்கு விஷப்பல் கிடையாது. ஆனால் கூரான, பின்நோக்கி வளைந்த பற்கள் வரிசையாக உண்டு, பின்வரிசைப் பற்கள் கொஞ்சம் பெரியவை. கடித்தால் விடாது, கையை உதறி இழுத்தால் பற்கள் தசையைக் கீறி ரத்தம் நன்றாகவே ஓடும். சில சமயம் லேசாக வீங்கும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொண்டால் போதும். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆனது. நீர்க்கோலிக் கடிக்கு அதை ஏற்றக் கூடாது. அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆனால் இந்த வரிகளெல்லாம் கடித்தது நீர்க்கோலிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். தெரியாவிட்டால் விஷக்கடியாகவே கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போவது தேவையற்றது. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதுதான் நடக்கும்.

வாலைப் பிடித்துத் தூக்குவது பலருக்குக் கைவந்த பழக்கம். நீர்க்கோலியிடம் அது கொடுமை. வாலைப் பிடித்தால் இது உடம்பை நீள அச்சில் சுழற்றும், வால் எலும்புகளுக்கு நடுவே முறிந்து துண்டாகிவிடும். பல்லிக்குப் போல இதற்கு வால் மீண்டும் முளைப்பதில்லை. நுனி வெட்டுப்பட்டு மொட்டையாகத் திரியும் நீர்க்கோலிகள் கொக்கிடமோ கீரியிடமோ மனிதனிடமோ ஒருமுறை தப்பியவை.

இனி கழிமுகம். அலை ஏற்றத்தில் உப்பு நீர் உள்ளே வந்து, இறக்கத்தில் சேற்றுத்திட்டு வெளியே தெரியும் இடங்களில் இருப்பது நாய்முக நீர்ப்பாம்பு. அழுக்குச் சாம்பல் நிறம், குறுக்கே மங்கலான கறுப்புப் பட்டைகள், தலைக்கு மேலே ஏறிய சின்னக் கண்கள். கண்பாவை செங்குத்துக் கீற்று. மூக்குத் துளை மேல் நோக்கி இருக்கும், முங்கும்போது மூடிக்கொள்ளும். வாயின் முன்புறத்தில் உப்பை வெளியேற்ற ஒரு சுரப்பியே இருக்கிறது, கடல்நீரில் தாக்குப்பிடிக்கும் ரகசியம் அதுதான். பகலில் நண்டு வளைக்குள் கிடந்து, இருட்டியதும் உளுவை, மடவைக் குஞ்சு என்று சின்ன மீன்களைத் தேடி ஆழமில்லாத தண்ணீரில் வரும். வழுக்கும் சேற்றில் அவசரமாக ஓட வேண்டியிருந்தால் பக்கவாட்டில் உடம்பை எறிந்து எறிந்து நகரும். பின்பற்களில் மீனுக்குப் போதுமான மெல்லிய விஷம் உண்டு, மனிதருக்கு ஆபத்து என்று சொல்லும் அளவு இல்லை. இது முட்டையிடாமல் குட்டி போடும், அதனால் முட்டைக்காக வளை தேடிக் கரையேற வேண்டியதில்லை. ஆனால் நண்டு வளையும் மெத்தென்ற சேறும் இல்லாமல் இதற்கும் வாழ்வில்லை. முகத்துவாரத்தில் மணல் மூடி அலை உள்ளே வராமல் நின்றுபோனால் இதன் மீனும் குறையும், இதுவும் குறையும்.

கழிமுகத்தில் வலை போடுபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வலையில் வரும் பாம்பின் வால் உருண்டு கூம்பியிருந்தால் நீர்ப்பாம்பு. பக்கவாட்டில் தட்டையாக அழுத்தியிருந்தால் கடல்பாம்பு. முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வரும் இனங்களும் அவற்றில் உண்டு, எண்ணூரிலும் அடையாற்றிலும் பழவேற்காட்டிலும் இதே எச்சரிக்கைதான். அதன் விஷம் கொடியது, மேலே சொன்ன நான்கு பாம்பு மருந்து அதற்குப் பொருந்தாது. கையால் பிரிக்காமல் அந்த இடத்து வலையை அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவதுதான் மலிவு.

வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் இடம் மாறும். ஆறு ஏறினால் முதலில் மூழ்குவது கரைப் பட்டைதான். வளைகள் நிரம்பியதும் பாம்பு மேட்டைத் தேடும், மேட்டில் இப்போது வீடு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைத் தெருக்களில் பாம்புகள் வீட்டுக்குள் வந்ததன் காரணம் இவ்வளவுதான். வெள்ளம் பிய்த்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் ஏறியும் பாம்புகள் பயணம் செய்யும். மழைக்குப் பின் பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒதுங்கும் அந்தப் பச்சைக் குவியல்களில் நன்னீர்ப் பாம்புகள் களைத்துக் கிடக்கும். நீர்க்கோலி மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், எல்லாப் பாம்புக்கும் நீந்தத் தெரியும். கண்ணாடி விரியனும் அதே திட்டில் வரலாம். குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அறையின் கதவைச் சாத்தி, அடிச்சந்தில் ஈரத்துணியைத் திணித்து, கண்ணாடி ஜன்னல் வழியாக ஒருவர் கண்காணித்தால் போதும். தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். பினாயில், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் ஊற்றினால் பாம்பின் தோலும் வாயும் வெந்துபோகும், அது வெளியேறாமல் இன்னும் ஆழமான சந்துக்குள்தான் போகும். பூண்டும் பெருங்காயமும் எந்தப் பாம்பையும் தடுப்பதில்லை. தடுப்பது கம்பி வலை. மழைநீர்க் குழாயின் வெளிவாய்க்கும் குளியலறைத் துவாரத்துக்கும் கால் அங்குலக் கண்ணியுள்ள விறைப்பான எஃகு வலை போடுங்கள்; நீர்க்கோலிக் குட்டி பென்சில் பருமன்தான், அரை அங்குலக் கண்ணியில் எளிதாக நுழைந்துவிடும். நைலான் வலையைக் கட்டாதீர்கள். அது பாம்பைத் தடுக்காது, மாட்டிவைத்துக் கொல்லும்.

வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏரியிலும் ஆற்றிலும் விட்டுப்போன நரம்பு வலைதான் இந்தப் பாம்புகளின் பெரிய எதிரி. செதில்கள் பின்நோக்கி அடுக்கியவை, ஆகவே தலையை நுழைத்த பாம்பு முன்னே போக முடியும், பின்னே வர முடியாது. நுழைய நுழைய உடம்பு பருக்கும், நரம்பு இறுகும். தண்ணீருக்கடியில் என்றால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். கரையில் என்றால் வெயிலில் காயும். அப்படி ஒன்றைக் கண்டால் இழுக்காதீர்கள். வலையைப் பாம்போடு சேர்த்துச் சுற்றிலும் அறுத்து, நிழலில், ஈரத்துணி மூடிய வாளியில் வைத்து, பயிற்சி உள்ளவரிடம் ஒப்படையுங்கள். அவர்கள் தலையை ஒளி ஊடுருவும் குழாயில் விட்டு நிறுத்திக்கொண்டு, முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டுவார்கள். செதிலுக்கு அடியில் புதைந்த இழை ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த சட்டை உரிக்கும்போது அந்த இடம் இறுகிக் கீழ்ப்பகுதி அழுகிவிடும், அதனால் கடைசியில் வயிற்றுப் பக்கம் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பது கட்டாயம். எலிக்கு வைத்த பசை அட்டையில் குட்டி ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் போதும். சொட்டுச் சொட்டாக விட்டுப் பசை இளகியபின் அதுவாகவே நழுவும். மூக்கில் எண்ணெய் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்ட பாம்பைக் கிண்டிக்கோ வண்டலூருக்கோ கொண்டுபோய் விடுவது நல்லெண்ணம், ஆனால் தவறு. தெரியாத இடத்தில் ஒளிந்துகொள்ளச் சந்தும் இரையும் எங்கே என்று தெரியாமல் அது அலைந்து சாகும். பிடித்த இடத்துக்கு அருகிலேயே, மாலையில், புல் மறைப்பு உள்ள கரையில் பையைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். பாலத்திலிருந்து தண்ணீரில் எறிவது வேண்டவே வேண்டாம். இதைச் செய்வது பயிற்சி உள்ளவரின், வனத்துறையின் வேலை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீர்க்கோலி பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிப்பதும் வைத்திருப்பதும் கொல்வதும் குற்றம்.

மீண்டும் கரைக்கே வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஒரு பெண் கண்டங்கண்டை ஒரே ஈட்டில் 30 முதல் 70 முட்டை வரை இடும். மெத்தென்ற வெள்ளை முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், தாய் அவற்றோடே தங்கிக் கிடப்பதும் உண்டு. வேண்டியது ஈரம், கதகதப்பு, தண்ணீர் ஏறாத உயரம். எலி வளை, வைக்கோல் போர், அழுகும் தழைக்குவியல் எதுவும் ஆகும். செங்குத்தான கான்கிரீட் சுவரில் இவை எதுவும் இல்லை. சுவர் எழுந்த இடத்தில் மீன் இருந்தும் அடுத்த தலைமுறைப் பாம்பு வருவதில்லை. வெள்ளத்தடுப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சரிவான கரையில் சிமென்ட் பூசாமல் கருங்கல் பதிப்பதும், கம்பிக்கூட்டில் கல் நிரப்பி அடுக்குவதும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கல்லுக்குக் கல் இடைவெளியும் கிடைக்கும். சுவர்தான் கட்டியாக வேண்டும் என்றால் அதன் அடியில் கோரை வளர இரண்டு மீட்டர் மண்திட்டு விடலாம். கைப்பிடிச் சுவர் உள்ள பழைய கிணற்றில் விழுந்த பாம்பும் தவளையும் ஏற, தேங்காய்நார்க் கயிறு ஒன்றை அடித்தண்ணீர் தொட்டுத் தொங்கவிட்டால் போதும்.

தூர்வாரும்போது இரு கரையையும் ஒரே நாளில் வழித்தெடுக்காமல், இந்த ஆண்டு ஒரு கரை, அடுத்த ஆண்டு மறு கரை என்று வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்த ஆகாயத்தாமரையைக் கரையோரம் குவித்தால் ஓரிரு நாளிலேயே லாரியில் ஏற்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் கிடந்து உள்ளே சூடேறிய குவியல் முட்டையிட ஏற்ற இடம், அதில் பொக்லைன் வாளி இறங்கினால் முட்டையும் தாயும் சேர்ந்து நசுங்கும். அப்படிப் பழையதாகிப்போன குவியலை எடுத்தே ஆக வேண்டுமென்றால், நீண்ட கைப்பிடி முள்வாரியால் ஓரத்திலிருந்து மெல்லியதாகக் கலைத்துக்கொண்டே போங்கள். முட்டை தென்பட்டால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு மீதியை எடுங்கள். நகர்த்தாமல் முடியாது என்றால் மேல்பக்கம் எது என்று பென்சிலால் ஒரு குறி போட்டு, புரட்டாமல், அதே ஈரத்தழையோடு எடுத்து வையுங்கள். சில நாள் ஆன முட்டையைப் புரட்டினால் உள்ளே ஒட்டிய கரு செத்துவிடும்.